முட்டு மருந்து

டாக்டர் ஆதிரா பிஸ்கட் என்ற நாயின் வலது கண்ணை இரண்டு விரலால் விரித்துப் பச்சைச் சாயம் ஒரு சொட்டு விட்டாள். பிறகு கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, "இனி இது மூக்குல வருதான்னு பாக்கணும் அம்மே. தலைய பிடிச்சுக்கோங்க" என்றாள். உலகம்மைக்கு ஒன்றும் பிடிபடவில்லை. கண்ணில் விட்டது மூக்கில் எதற்காக வர வேண்டும்? இந்த ஐம்பத்தெட்டு வயதில் அழுதபோதெல்லாம் மூக்கையும் சிந்தித்தான் இருக்கிறாள். ஆனால் இரண்டுக்கும் நடுவே ஒரு வாய்க்கால் உண்டு என்று யாரும் அவளுக்குச் சொன்னதில்லை. கண்ணில் ஊறுகிற நீர் அந்த வழியாகத்தான் சத்தமில்லாமல் இறங்கிப் போகிறதாம். வழி அடைத்துக்கொண்டால் போக்கிடம் இல்லாமல் வெளியே வழியுமாம். அப்படியென்றால் அடைப்புத்தான், குத்தியோ கழுவியோ எடுத்துவிடுவார்கள், இன்றோடு இந்தப் பாடு தீர்ந்தது என்று அவள் நாயின் தலையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

நாலு நிமிஷத்தில் பிஸ்கட்டின் மூக்கு நுனியில் பச்சையாக ஒரு பொட்டு எட்டிப் பார்த்தது. நாய் அதை நாக்கால் வழித்துத் தின்றது. "பிளாக் இல்ல" என்றாள் டாக்டர், பரீட்சையில் கணக்கு சரியாக வந்த பிள்ளையின் சந்தோஷத்தோடு. இமை மயிர் உள்நோக்கி வளரவில்லை, கருவிழியில் புண் இல்லை, உள்ளே அழுத்தம் ஏறவில்லை, இப்போது வாய்க்காலும் திறந்துதான் கிடக்கிறது. மூன்றாவது தடவையாக வந்தும் குற்றம் ஒன்றும் அகப்படவில்லை. கண்ணிலிருந்து மட்டும் நீர் வழிந்துகொண்டே இருந்தது. வெள்ளை முகத்தில் இரண்டு பக்கமும் அது ஓடிய தடம் துருவேறின மாதிரிப் பழுப்பாகப் படிந்துபோயிருந்தது.

"வீட்டுல சாம்பிராணி, அகர்பத்தி, கொசுவர்த்தி, ரூம் ஸ்பிரே, அங்ஙனெ ஏதாவது காரமான மணம் உண்டோ?"

"ஒண்ணும் கெடையாது. வெள்ளிக்கிழம சாம்பிராணி போடுவேன், அதையும் போன மாசமே நிறுத்தியாச்சு" என்றாள் உலகம்மை. மனமறிந்து அவள் பொய் சொல்லவில்லை. டாக்டர் மூக்கையும் வாயையும் மாஸ்க் மூடியிருந்தது, அறையில் டெட்டால் நெடி. வேறு சொட்டு மருந்து ஒன்றை எழுதிக் கொடுத்துவிட்டு, "சிலப்போ காரணம் கிட்டாது அம்மே" என்று டாக்டர் அடுத்த நாயைக் கூப்பிட்டாள். சீட்டில் உரிமையாளர் என்ற இடத்தில் பத்மகுமார் என்று இருந்தது. அதற்குக் கீழே பைஸ்டாண்டர் என்று ஒரு கோடு. இந்த மலையாள ஊரில் எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் நோயாளிக்குக் கூட நிற்கிறவருக்கு அதுதான் பெயர். அந்தக் கோட்டின் மேல் உலகம்மை என்று எழுதியிருந்தது.

பத்மகுமார் அவளுடைய ஒரே மகன். டப்ளினில் வேலை. மருமகள் ரேஷ்மி அங்கேயே ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ், வித்துரா என்ற மலையடி ஊர்க்காரி. பதினாலு மாதத்துக்கு முன்னால் இரண்டு பேரும் விமானம் ஏறும்போது, "ஆறே மாசம் அம்மா, பேப்பர் சரியானதும் இவனையும் கூட்டிட்டுப் போயிருவோம்" என்று நாயை அவள் தலையில் கட்டிவிட்டுப் போனார்கள். பேப்பர் இன்னும் சரியாகிக்கொண்டே இருக்கிறது. உலகம்மைக்கு நாய் என்றால் வெறுப்பும் இல்லை, பிரியமும் இல்லை. முதல் மாதம் அதைப் பேர் சொல்லிக் கூப்பிடவே கூச்சமாக இருந்தது. தின்கிற சாமானின் பெயரை உயிருள்ளதுக்கு யாராவது வைப்பார்களா? அவள் பிஸ்கோத்து என்றுதான் கூப்பிட்டாள். அதுவும் வாலை ஆட்டிக்கொண்டு வந்தது.

நாய் தனியாக இருக்காது. அரை மணி நேரம் கதவைப் பூட்டினால் கீழே பாத்திரக் கடைக்காரர் ஏறி வந்து கதவைத் தட்டுகிற அளவுக்கு ஊளையிடும். பழவங்காடியில் கடைகளுக்கு மேலே இரண்டாம் மாடி வீடு, ஒடுங்கிய படி, லிஃப்ட் கிடையாது. நாளுக்கு நாலு தடவை அதைக் கீழே கூட்டிப்போய்க் கூட்டிவர வேண்டும். தங்கை சொர்ணம்மாள் நாகர்கோவிலில் இருக்கிறாள். இங்கே தம்பானூரில் ரயிலேறினால் இரண்டு மணி நேரம். இந்தப் பதினாலு மாதத்தில் உலகம்மை அங்கே ஒரு ராத்திரி தலைசாய்த்ததில்லை. நாயையும் கொண்டுபோகலாம் என்றால் சொர்ணம் நாயைக் கண்டால் தெருவைக் கடக்க மாட்டாள். ஒரே ஒரு தடவை கல்யாணத்துக்குப் போனபோது நாயைக் காசு வாங்கிப் பார்த்துக்கொள்கிற இடத்தில் விட்டாள். அது ஒரு வாய் தின்னவில்லை என்று டப்ளினிலிருந்து போன். தாலி கட்டி முடிந்ததும் பந்தியில்கூட உட்காராமல் சாயங்கால வண்டியில் திரும்பிவிட்டாள்.

இதெல்லாம் போதாதென்று கேமரா வேறு. போகும் முன்னால் பத்மகுமார் டிவி செல்பில் கோழிமுட்டை அளவுக்கு வெள்ளையாக ஒன்றை வைத்துவிட்டுப் போயிருந்தான். "ஒன்ன பாக்க இல்லம்மா, இவன பாக்கத்தான்." அது உண்மைதான் என்று அவளுக்குப் போகப் போகப் புரிந்தது. கூடம் முழுக்க அதற்குத் தெரியும். வாசல் கதவு, சோபா, சாப்பாட்டு மேஜை எல்லாம். அடுப்படியும் படுக்கையறையும்தான் தப்பின. ஆனால் நாய் கூடத்தில்தான் கிடக்கும், ஆகையால் அவளும் கூடத்தில்தான் கிடக்க வேண்டும். உச்சி வெயிலில் முந்தானையைத் தளர்த்திவிட்டு ஒரு நிமிஷம் மல்லாந்து படுக்க முடியாது. மகன்தானே என்று இருக்கலாம். ஆனால் மகனாக இருந்தாலும் பதினாலு மாதம் கண் கொட்டாமல் பார்த்தால் யாருக்குத்தான் மூச்சுத் திணறாது? திடீரென்று செல்பிலிருந்து குரல் வரும். "அம்மா, அவனுக்கு வலது கண்ணு நனைஞ்சிருக்கு பாரு. தொடச்சு விடு." நாய் துள்ளிக்கொண்டு ஓடி, செல்பின் பின்னால் தன் எஜமானைத் தேடும். தேடி அலுத்து அவளிடம் திரும்பி வரும்.

கண் வழியத் தொடங்கி மூன்று மாதம் ஆகிறது. பக்கத்து வீட்டு முத்தாரம்மாள், நாய் கண்ணீர் விட்டால் வீட்டுக்கு ஆகாது என்று பயமுறுத்திவிட்டுப் போனாள். உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டுப் பார்த்தாள் உலகம்மை. கேமராவில் பார்த்த ரேஷ்மிக்குச் சிரித்து மாளவில்லை. சாப்பாட்டை மாற்றினார்கள், படுக்கையை மாற்றினார்கள், தரை துடைக்கிற மருந்தை மாற்றினார்கள். ஒன்றுக்கும் அசையவில்லை. அன்று திங்கட்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து வந்து, அடைப்பும் இல்லையாம் என்று அவள் சொன்னதும் பத்மகுமார், "அந்த வீட்டுலதாம்மா என்னமோ இருக்கு. ஞாயித்துக்கெழம வரைக்கும் பாப்போம். கொறையலைன்னா ஹரி கார்ல வந்து வித்துராவுக்குக் கூட்டிட்டுப் போகட்டும். காத்து மாறினா சரியாவும். பின்ன அங்கேயே நிக்கட்டும், சும்மா அங்கேயும் இங்கேயும் மாத்த வேண்டாம்" என்றான். ஹரிகுமார் ரேஷ்மியின் அண்ணன்.

உலகம்மையின் நெஞ்சு ஒரு துள்ளுத் துள்ளியது. அந்த வார்த்தைக்காகத்தான் இத்தனை நாள் காத்திருந்தோம் என்பதே அது காதில் விழுந்த பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது. தானாக வாய் திறந்து கேட்டிருக்கவே முடியாது. சம்பந்தி வீட்டில் நாயை விட்டுவிட்டு மாப்பிள்ளையின் அம்மா ஊர் சுற்றப் போனாள் என்று ஒரு பேச்சு வந்தால் அது சாகிறவரை போகாது. நோய்க்காக அனுப்பினால் அப்படி இல்லை, நாலு பேர் நல்லதாகத்தான் சொல்வார்கள். அன்றைக்கே சொர்ணம் போன் செய்தது இன்னொரு அதிசயம். "அக்கா, அடுத்த திங்கக்கெழம காலம்பற வேன். குத்தாலத்துல அஞ்சு நாளு. நல்ல சாரல் கெடக்காம். ஒனக்கும் சேத்து சொல்லிப்போட்டேன். இந்தத் தடவையும் வரலைன்னா பின்ன நான் செத்தாலும் நீ வராண்டாம் கேட்டியா." உலகம்மை அடுப்படிக்குள் போய்க் கதவை ஒட்டி நின்றுகொண்டு, "வாறேம்ட்டி" என்றாள். செவ்வாய்க்கிழமை நாலு சேலையையும் ஒரு துவர்த்துத் துண்டையும் பையில் மடித்து வைத்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். ஐந்தருவியில் தலையைக் கொடுத்து நின்றால் உடம்பில் அடிக்கிற தண்ணீரின் சத்தம் தவிர வேறு ஒரு குரலும் காதில் விழாது என்று நினைத்துக்கொண்டாள்.

இதற்கிடையே திங்கட்கிழமை சாயங்காலமே முழங்காலுக்குத் தேய்க்கிற முட்டு மருந்து தீர்ந்துபோயிருந்தது. அவள் புருஷன் நயினார், சாலை என்கிற கடைத்தெருவில் முப்பது வருஷம் நாட்டு மருந்துக் கடை வைத்திருந்தவர். ஆறு வருஷத்துக்கு முன்னால் அவர் போனதும் கடை கைமாறிவிட்டது. வீட்டில் மிஞ்சியது அந்த மருந்து ஒன்றுதான். கற்பூரம், ஓம உப்பு, புதினா உப்பு மூன்றும் தனித்தனியாகக் கட்டிகட்டியாக இருக்கும். ஒரு குப்பியில் ஒன்றாகப் போட்டு மூடி வைத்தால் போதும். தண்ணீர் ஒரு சொட்டு சேர்க்க வேண்டாம், அடுப்பு வேண்டாம். ஒன்றையொன்று தொட்ட இடத்தில் கசிய ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் மூன்றும் காணாமல் போய்த் தெளிந்த நீராக நிற்கும். அதைத் தேங்காயெண்ணெயில் கலந்தால் முட்டுக்கு. பஞ்சில் தொட்டால் பல்லுக்கு. நெற்றியில் தடவினால் தலைவலிக்கு. கல்யாணமான புதிதில் அந்த வீட்டுக்குள் நுழைந்தபோது உலகம்மைக்குக் கண்ணும் மூக்கும் எரிந்தது. பத்து நாளில் பழகிவிட்டது. ரேஷ்மியும் வந்த புதிதில் தும்மிக்கொண்டே அலைந்தாள், மூன்றாம் மாதம் அவளும் தும்மவில்லை. நாட்டு மருந்துக் கடைக்காரர் வீட்டு மனிதர்களுக்கு அது ஒரு மணமே இல்லை. வீடு என்றால் அப்படித்தான் இருக்கும், அவ்வளவுதான்.

ஒவ்வொரு சாயங்காலமும் விளக்கேற்றிய பிறகு அவள் சோபாவில் உட்கார்ந்து, காலை முக்காலியில் நீட்டி, இரண்டு முட்டிலும் அந்த எண்ணெயைச் சூடு பறக்கத் தேய்ப்பாள். படியேறி இறங்கித் தேய்ந்த முட்டு. பத்து நிமிஷத்தில் வலி அடங்கும். அந்த நேரம் பார்த்துப் பிஸ்கட் சோபாவில் ஏறி, தாடையை அவளுடைய வலது முட்டில் வைத்து, சீரியல் முடிகிறவரை அப்படியே கிடக்கும். பத்மகுமார் அங்கிருந்து தினமும் பார்க்கிற காட்சிதான் இது. ஆனால் அவன் பார்த்தது நாயை.

சாலைக் கடைத்தெருவுக்குப் போய் மூன்று உப்பும் வாங்க வேண்டும். செவ்வாயும் புதனும் மழை ஊற்றித் தள்ளியது, கிழக்கேகோட்டை முழுக்க முழங்கால் தண்ணீர். வலியைப் பொறுத்துக்கொண்டு இருந்தாள். வியாழக்கிழமை காலையில் காப்பி போட்டு எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தவள் நாயைப் பார்த்து நின்றுவிட்டாள். கண் இரண்டும் காய்ந்து, பளிச்சென்று, கோலிக்குண்டு மாதிரி இருந்தன. அவள் பார்த்ததையே செல்பும் பார்த்துக்கொண்டிருந்தது போலும்.

"அம்மா! பாத்தியா! புது மருந்து பிடிச்சிட்டு!" பத்மகுமார் வேலையிலிருந்து வந்து தூங்காமல் உட்கார்ந்திருக்கிறான். "அப்போ வித்துராவெல்லாம் வேண்டாம். நான் ஹரிகிட்ட சொல்லிருதேன்."

"ரெண்டு நாளு பாத்துக்கிட்டு சொல்லு மக்கா" என்று அவள் அவசரமாகச் சொன்னாள். சொன்ன வேகம் அவளுக்கே அசிங்கமாக இருந்தது. வாயில்லாத ஜீவன் ஒன்று சுகமாகியிருக்கிறது, அதைப் பார்த்து வயிறு எரிகிறதே, நான் எப்படிப்பட்ட பொம்பளை என்று அடுப்படியில் போய் நின்று கொஞ்ச நேரம் தன்னையே திட்டிக்கொண்டாள். கட்டிலுக்கு அடியில் கிடந்த பையை மட்டும் பிரிக்கவில்லை.

அன்று மழை விட்டிருந்தது. நாயையும் இழுத்துக்கொண்டு சாலைக்குப் போய் மூன்று உப்பும் வாங்கி வந்தாள். குப்பியில் போட்டு மூடி, சமையல் முடித்துத் திரும்பி வந்து பார்த்தால் எல்லாம் உருகி நின்றது. மூடியைத் திறந்தவள் தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். நெடி உச்சிக்கு ஏறியது. இவ்வளவு காரமா இது என்று ஆச்சரியமாக இருந்தது. மூன்று நாள் இல்லாமல் இருந்து வந்ததால் அப்படித் தோன்றுகிறது என்று நினைத்தாளே தவிர, அதற்கு மேல் அப்போது மனசு ஓடவில்லை. எண்ணெயில் கலந்து சாயங்காலம் தேய்த்தாள். மூன்று நாள் வலி இறங்கிய சுகத்தில் கண்ணை மூடிச் சாய்ந்துகொண்டாள். பிஸ்கட் வந்து தாடையை வைத்துக்கொண்டது.

வெள்ளிக்கிழமை விடிந்தபோது அதன் இரண்டு கன்னமும் நனைந்து கிடந்தன.

உலகம்மை காப்பித் தம்ளரோடு சோபாவின் விளிம்பில் உட்கார்ந்தாள். சொட்டு மருந்து அதேதான், சோறு அதேதான், படுக்கை அதேதான். அவள் முழங்காலைத் தொட்டு விரலை மோந்து பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை. ஒரே நாளில் மூக்கு மறுபடி பழகிக்கொண்டுவிட்டது. ஆனால் நேற்று மூடியைத் திறந்தபோது உச்சிக்கு ஏறிய நெடி ஞாபகம் வந்தது. நாய் வந்த முதல் பதினோரு மாதம் இந்த எண்ணெயைக் கெட்டியாகக் கலக்கவில்லை. மூன்று மாதத்துக்கு முன்னால் வலி கூடியபோதுதான் அளவை இரட்டித்தாள். நாய் கண்ணில் நீர் வழிந்தது அதற்குப் பிறகு. ஆறு விதமான சொட்டு மருந்து, மூன்று தடவை ஆஸ்பத்திரி, பச்சைச் சாயம், கடைசியில் திருடன் அவள் முட்டிலேயே குடியிருந்திருக்கிறான்.

போனை எடுத்துவிட்டாள். மகன் பேருக்கு மேல் விரலும் போய்விட்டது. இதைச் சொன்னால் என்ன ஆகும் என்று அப்போதுதான் தெளிவாகத் தெரிந்தது. சிரிப்பார்கள். ரேஷ்மி தன் சிநேகிதிகளிடம் எல்லாம் சொல்லிச் சிரிப்பாள். பிறகு, எண்ணெயை விட்டுவிடு அம்மா, வலிக்கு மாத்திரை போட்டுக்கொள் என்பார்கள். நாய் இங்கேயே இருக்கும். பேப்பர் சரியாகிக்கொண்டே இருக்கும். அவள் போனைக் கவிழ்த்து வைத்தாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் முட்டு வலித்தது. உண்மையாகவே வலித்தது, அது பொய்யில்லை. குப்பியை எடுத்தாள், வைத்தாள், மறுபடி எடுத்துத் தேய்த்தாள். பிஸ்கட் சோபாவில் ஏறியபோது அதைக் கையால் தள்ளினாள். அது விளையாட்டென்று நினைத்து மறுபடி ஏறியது. மறுபடி தள்ளினாள்.

"ஏம்மா தள்ளுத? பாவம்லா" என்றது செல்பு.

அவள் கையை எடுத்துவிட்டாள். நாய் நிம்மதியாகப் பெருமூச்சு விட்டு, கண்ணை அந்த எண்ணெய்க்குப் பக்கத்தில் வைத்து மூடிக்கொண்டது. வேண்டுமென்றே செய்தது அந்த ஒரு சாயங்காலம்தான். ஆனால் அதை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்கு உடம்பு கூசும்.

சனிக்கிழமை ரேஷ்மி டப்ளினிலிருந்தே தன் அப்பாவையும் வீடியோவில் சேர்த்துக்கொண்டு வித்துரா வீட்டைக் காட்டினாள். அவளுடைய அப்பா போனைப் பிடித்துக்கொண்டு முற்றத்தில் நடந்தார். ரப்பர் ஷீட் உலர்த்துகிற கொட்டகைக்குப் பக்கத்தில், பலாமரத்தடியில், கம்பி போட்ட கூடு ஒன்று. "கண்டோ அம்மே, அப்பா புதுசா பெயின்ட் அடிச்சு வச்சிருக்கு. பகல் முழுக்க கூட்டுல, ராத்திரி கேட்டு பூட்டினா அவுத்து விடும். அங்க எல்லா வீட்டுலயும் அங்ஙனெ தன்னே." அதற்குப் பக்கத்துக் கூட்டில் கறுப்பாக ஒரு பெரிய நாய் இருந்தது. அது குரைக்கவில்லை. நாலடி முன்னால் போய், திரும்பி, நாலடி வந்து, திரும்பி, போன் அந்த இடத்தை விட்டு நகர்கிறவரை அப்படியே நடந்துகொண்டிருந்தது. உலகம்மை, "நல்ல காத்தோட்டமா இருக்கே" என்றாள். போனை வைத்த பிறகு பிஸ்கட்டைப் பார்த்தாள். அரை மணி நேரம் தனியாக இருக்க முடியாமல் ஊளையிடுகிற சவத்து நாய் அது. அன்று சாயங்காலம் அவள் குளியலறைக்குள் போய் இரண்டு முழங்காலையும் சோப்புப் போட்டுக் கழுவினாள், தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். எண்ணெய் தடவவில்லை. கார் வர வேண்டாம் என்று யாரிடமும் சொல்லவும் இல்லை. காலை நீட்டிவைத்துக்கொண்டு வலியோடு சீரியல் பார்த்தாள். என்ன கதை ஓடியது என்று கேட்டால் அவளுக்குத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நாயின் கண் முன்னைப் போல வழியவில்லை. அதற்காக நின்றும் போய்விடவில்லை. அதன் தட்டு, சங்கிலி, கடித்துக் குதறிய ரப்பர் எலும்பு எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு வாசலில் வைத்தாள். மூன்று மணிக்கு ஹரிகுமார் கூப்பிட்டு நெடுமங்காடு தாண்டிவிட்டதாகச் சொன்னான். இன்னும் முக்கால் மணி நேரம். திங்கட்கிழமை காலை வேனுக்கு இன்று சாயங்கால ரயிலைப் பிடித்தால் சரியாக இருக்கும். எல்லாம் கூடி வந்திருந்தது. அவளுக்குத்தான் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

ஒருவேளை எண்ணெயே காரணமாக இல்லாமல் இருந்தால்? அந்த நினைப்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். யார் கண்டது? டாக்டருக்கே அகப்படாதது தனக்கு அகப்பட்டுவிட்டதா? இரண்டு நாள் மழைக் காற்றில்கூடச் சரியாகியிருக்கலாம். எண்ணெய் இல்லை என்று ஆகிவிட்டால் அவள் மேல் பழி இல்லை, நிம்மதியாக அனுப்பிவிட்டுப் போகலாம். முப்பத்தாறு வருஷமாக அந்த மருந்தை அவள் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனதில்லை. கண்ணில் பட்டிரப்படாது என்று நயினார் ஒவ்வொரு குப்பி கொடுக்கும்போதும் சொல்வார். இப்போது சோபாவில் உட்கார்ந்து, முட்டுக்கு எடுக்கிற அளவு எண்ணெயை உள்ளங்கையில் விட்டு, இரண்டு கையையும் உரசி, முகத்தை மூடிக்கொண்டாள். கண்ணைத் தொடவில்லை. நாய் தாடையை வைக்கிற தூரம்தான். மனசுக்குள் எண்ண ஆரம்பித்தாள்.

இருபது எண்ணுவதற்குள் கண் கரித்தது. நாற்பதில் நீர் கட்டியது. அதற்கு மேல் எண்ண முடியவில்லை. இமை இரண்டும் தீப்பிடித்த மாதிரி எரிந்தன. விரல் இடுக்கு வழியாக நீர் வழிந்து முழங்கை வரை ஓடியது, மூக்கு ஒழுகியது. ஒரு மணி நேரம், தினமும் ஒரு மணி நேரம் இதற்குள் முகத்தை வைத்துக்கொண்டு அந்த நாய் கிடந்திருக்கிறது. எரிகிறது என்று எழுந்து போகத் தெரியவில்லை அதற்கு. எரிந்தாலும் பரவாயில்லை என்று கிடந்ததோ என்னவோ. அதற்கப்புறம் வந்த நீரில் மருந்துக்கு எவ்வளவு பங்கு, தனக்கு எவ்வளவு பங்கு என்று அவளுக்கே தெரியவில்லை. நயினார் செத்தபோது வீடு நிறைய ஆட்கள் இருந்ததால் அடக்கிக்கொண்டாள். மகன் ஊரை விட்டுப் போனபோது சகுனம் பார்த்து அடக்கிக்கொண்டாள். பிறகு கேமரா வந்துவிட்டது.

"அம்மா."

பிஸ்கட் துள்ளி எழுந்து செல்பைப் பார்த்து ஓடியது.

"அம்மா, நீ அழுதியா?"

உலகம்மை முகத்திலிருந்து கையை எடுக்கவில்லை. பதினாலு மாதமாக அந்தக் குரல் கேட்டிருக்கிறது. சாப்பிட்டானா, வெளிக்கிப் போனானா, கண்ணு நனைஞ்சிருக்கா, காது சூடா இருக்கா. எல்லாவற்றுக்கும் அவள் பதில் சொல்லியிருக்கிறாள். இப்போது கேட்டது அவளைப் பற்றி. இல்ல மக்கா, இது முட்டு மருந்து பட்டது என்று சொன்னால் எல்லாம் வெளியே வந்துவிடும், நாய் இங்கேயே நின்றுவிடும். ஆமா என்று சொன்னாலும் நாயைப் பிரிய முடியாமல் அழுகிறாள் என்றுதான் அவன் நினைப்பான், அப்போதும் நாய் இங்கேயே நின்றுவிடும். மூன்றாவதாக ஒன்று இருந்தது. எனக்கும் எங்கேயாவது போவணும் மக்கா. சின்னப் பிள்ளைகூடச் சொல்லிவிடுகிற வார்த்தை. அது நாக்கு நுனி வரை வந்து உட்கார்ந்துகொண்டு இறங்க மறுத்தது.

"பிஸ்கட்ட பிரிய முடியலையாம்மா? எங்கிட்ட சொல்ல வேண்டியதுதான? ஹரிய வழியிலேயே திரும்பச் சொல்லட்டா?"

"மக்கா" என்றாள் அவள்.

கீழே பாத்திரக் கடை வாசலில் ஒரு கார் வந்து நின்று ஹார்ன் அடித்தது. நாய் செல்பின் பின்னால் மோந்து பார்த்தது, வாசலில் இருந்த தன் பையை மோந்து பார்த்தது, பிறகு வழக்கம்போலச் சோபாவில் ஏறி, சோப்பு மணக்கிற முட்டில் தாடையை வைத்துக்கொண்டது. உலகம்மை கையை எடுத்துவிட்டுக் கண்ணைத் திறக்கப் பார்த்தாள். இமை முழுசாகப் பிரியவில்லை. எதிரே செல்பு, கதவு, சுவர் எல்லாம் தண்ணீருக்கு அடியில் கிடந்தன. அதற்கு நடுவே கேமராவின் பச்சைப் புள்ளி மட்டும் ஒரு சொட்டுச் சாயம் போலக் கலங்கிக் கலங்கித் தெரிந்தது.

"சொல்லும்மா" என்றான் பத்மகுமார். "என்னம்மா? சொல்லு."

ஹார்ன் இரண்டாவது தடவை அடித்தது. நாய் தலையைத் தூக்காமல், ஈரம் காயாத கண்ணை மட்டும் உயர்த்தி, அவள் தாடையிலிருந்து தன் நெற்றியில் சொட்டுகிற நீர் எங்கிருந்து வருகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தது.